வெற்றிடம் என்று நினைத்தோம். கட்டளை அங்கேதான் இருந்தது!



‘மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நான் பேச வந்த பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது. பாக்டீரியாவே கண்ணுக்குத் தெரியாத உயிர். அதற்குள் அதை அடக்கி ஆளும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்தது கணினியா, மனிதனா? இதுதான் இன்றைய கேள்வி.

2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்த விக்டர் ஆம்புரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் கிடைத்தது. ஒரு சிறு புழுவில் அவர்கள் செய்த ஆய்வு 1993-இல் வெளிவந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1984-இல், அமெரிக்காவில் மசயோரி இனோயே குழுவினர் ‘இ.கோலை’ எனும் குடல் பாக்டீரியாவில் ‘மிக்எஃப்’ என்ற சிறு ஆர்.என்.ஏ.வைப் பற்றி எழுதிவிட்டார்கள். இது பலருக்குத் தெரியாது.

டி.என்.ஏ.வின் செய்தியைப் புரதம் செய்யும் இடத்திற்குக் கொண்டுபோகும் தூதுவன்தான் ஆர்.என்.ஏ. என்று பள்ளியில் படித்தோம். மிக்எஃப் அப்படித் தூது போவதில்லை. தூது போகும் ஆர்.என்.ஏ.வை வழிமறித்து, அதன் ஓலையோடு ஒட்டிக்கொண்டு, ‘இந்தப் புரதம் இப்போது வேண்டாம்’ என்று நிறுத்திவிடுகிறது.

பார்க்காமல் விட்ட இடம்

1997-இல் இ.கோலையின் மரபுத் தொகுதி முழுமையாக வெளிவந்தது. மொத்தம் 46 லட்சத்து 39 ஆயிரத்து 221 எழுத்துகள். புரதத்திற்கான மரபணுக்கள் 4,288 என்று கணக்கிட்டார்கள். மரபணுக்களுக்கு இடையே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, வீடுகளுக்கு நடுவே கிடக்கும் காலி மனை போலத் தெரிந்தது.

புரத மரபணுவுக்குத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் உண்டு. கணினி அதைச் சுலபமாகக் கண்டுகொள்ளும். புரதம் செய்யாத சிறு ஆர்.என்.ஏ.வுக்கு அந்தக் குறிகள் இல்லை. ஆகவே 2001 வரை இ.கோலையில் தெரிந்த சிறு ஆர்.என்.ஏ.க்கள் சுமார் பத்துதான்.

மூன்று குழு, மூன்று வழி

2001-இல் மூன்று குழுக்கள் அந்தக் காலி மனைக்குள் இறங்கின.

ஜெருசலம் ஹீப்ரு பல்கலைக்கழகக் குழு, ஆர்.என்.ஏ. நகல் தொடங்கும் குறியும் முடியும் குறியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடங்களைக் கணினியால் தேடியது. 24 இடங்கள் கிடைத்தன. 23-ஐச் சோதித்ததில் 14 புதிய சிறு ஆர்.என்.ஏ.க்கள் உறுதியாயின.

அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் சூசன் காட்டெஸ்மன், ஜிசெலா ஸ்டோர்ஸ் குழுவினர் ‘உறவுக்காரர்களை’ விசாரித்தார்கள். சால்மோனெல்லா போன்ற நெருங்கிய பாக்டீரியாக்களிலும் மாறாமல் இருக்கும் பகுதி வீணாக இருக்காது என்பது அவர்கள் கணிப்பு. 59 இடங்களை ஆராய்ந்து 17 புதியவற்றைக் கண்டார்கள்.

செயின்ட் லூயிஸ் நகரில் எலினா ரிவாஸ், ஷான் எடி குழுவின் வழி வேறு. ஆர்.என்.ஏ. தனக்குள்ளேயே மடிந்து, எழுத்துகள் ஜோடி சேரும். ஓர் எழுத்து மாறினால் அதன் ஜோடியும் ஒத்து மாறியிருக்கிறதா என்று பார்த்தார்கள். கணினி 275 இடங்களைக் காட்டியது. 49-ஐச் சோதித்தார்கள், 11 இடங்களில் சிறு ஆர்.என்.ஏ. இருந்தது.

இந்தக் கடைசிக் கணக்கைக் கவனியுங்கள். 275 என்று சொல்லிப் பெருமை தேடியிருக்கலாம். சோதித்தது எத்தனை, கிடைத்தது எத்தனை என்று அவர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். கிடைக்காததெல்லாம் பொய் என்றும் ஆகிவிடாது. பட்டினி, வெப்பம் போன்ற நெருக்கடியில் மட்டும் பாக்டீரியா சில சிறு ஆர்.என்.ஏ.க்களை உண்டாக்கும்.

இதனால் என்ன பயன்?

அந்த ஆண்டு கிடைத்தவற்றில் ஒன்று ‘ஆர்.ஒய்.எச்.பி.’ வீட்டில் அரிசி குறைந்தால் அம்மா பலகாரத்தை நிறுத்திவிட்டுச் சோற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்வார் அல்லவா? இரும்புச்சத்து குறைந்தால், அதைச் செலவழிக்கும் சில புரதங்களை இது நிறுத்துகிறது என்று 2002-இல் தெரியவந்தது.

2004-இல் பிரின்ஸ்டனில் பானி பாஸ்லர் குழுவினர், காலரா கிருமியில் நான்கு சிறு ஆர்.என்.ஏ.க்களைக் கணினித் தேடலின் துணையோடு கண்டார்கள். தன் கூட்டம் சிறிதா பெரிதா என்று கிருமி அறிந்து, நோய் உண்டாக்கும் வேலையைத் திறக்கவும் மூடவும் அவை உதவுகின்றன. நான்கில் ஒன்றை நீக்கினால் மற்றவை அந்த வேலையைச் செய்துவிடும். இந்த விசையை நாம் மூட முடியுமா என்பது, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் இக்காலத்தில் சாதாரணக் கேள்வி அல்ல.

ஆகவே நேயர்களே, கணினியா மனிதனா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: எங்கே தேடலாம் என்று கணினி கைகாட்டியது. உண்டா இல்லையா என்று ஆய்வகம் தீர்ப்புச் சொன்னது. கணினி சொன்னால் அதுவே வேதவாக்கு என்று நம் பிள்ளைகள் எண்ணத் தொடங்கியிருக்கும் நாளில், 275-இல் 49-ஐச் சோதித்து 11 என்று எழுதிய அந்த நேர்மையை அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.