சிவப்பணு வெறுங்கலம் அன்று

‘எரித்ரோசைட்’ என்னும் சொல்லின் கிரேக்க வேர்கள் ‘சிவந்த கலம்’ என்று பொருள்படும். கலம் என்றால் சுமப்பது. 1864இல் ஹோப்பே-செய்லர் ஹீமோகுளோபினுக்குப் பெயரிட்ட பின்னர், மனிதச் சிவப்பணு உட்கருவற்ற ஆக்சிஜன் பை என்றே பாடநூல்களில் நிலைபெற்றது. காவல் பணி முழுவதும் வெள்ளணுக்களுக்கு உரியதாயிற்று.

இப்பிரிவினைக்கு மாறான சான்று 1953இலேயே வெளிவந்தது. எதிர்ப்பொருளும் நிரப்புப் புரதங்களும் படிந்த நுண்ணுயிரிகள் மனிதச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்வதையும், ஒட்டியவற்றை வெள்ளணுக்கள் எளிதாக விழுங்குவதையும் ராபர்ட் நெல்சன் காட்டினார். ஒட்டுவதற்கு இடமளிக்கும் ‘சிஆர்1’ என்னும் ஏற்பி 1980ஐ ஒட்டி இனங்காணப்பட்டது. ஒரு சிவப்பணுவில் இவ்வேற்பிகள் சில நூறே இருக்கும். ஆயினும் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. அவை பற்றிய சுமையைக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள பெருவிழுங்கணுக்கள் கழற்றிக்கொள்ள, சிவப்பணு மீண்டும் குருதியோட்டத்தில் சேர்கிறது.

டஃபி என்னும் மூலக்கூற்றின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. 1950இல் அது ஒரு நோயாளியின் பெயரால் வழங்கப்பட்ட குருதிவகைக் குறி. 1976இல் வைவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணி நுழையும் வாயில். 1993இல் அழற்சிச் செய்தி தாங்கும் கீமோகைன்களைப் பற்றும் ஏற்பி. பொருள் ஒன்றே, துறைதோறும் அதன் பெயர் வேறு.

2021இல் நீலம் மங்கள்மூர்த்தியின் ஆய்வுக்குழு, சிவப்பணுப் பரப்பிலுள்ள ‘டிஎல்ஆர்9’ ஏற்பி நுண்ணுயிரிகளின் டிஎன்ஏவைப் பற்றுவதை நிறுவியது. பற்றிய டிஎன்ஏ மிகும்போது சிவப்பணு உருமாறுகிறது. ‘என்னை விழுங்காதே’ என்னும் அடையாளம் மறைகிறது. பெருவிழுங்கணுக்கள் அதனை விழுங்குகின்றன. கடும் தொற்றில் தோன்றும் குருதிச்சோகைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இவையெல்லாம் ஆய்வுக்கூடச் செய்திகள் மட்டுமல்ல. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலரின் சிவப்பணுக்களில் டஃபி இல்லை. அவர்களது குருதியில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு, அது நோயன்று. ஆயினும் பிறரை அளந்து வகுத்த எல்லையைக் கொண்டு அதனை ‘இனஞ்சார் குறைபாடு’ என்றழைத்தனர். அப்பெயரோடு சிலருக்குத் தேவையற்ற சோதனைகளும், மருந்துக் குறைப்பும், மருந்தாய்வுகளில் இடமின்மையும் வந்து சேர்ந்தன. அண்மையில்தான் ‘டஃபி இன்மை சார்ந்த எண்ணிக்கை’ என்னும் பெயர் முன்வைக்கப்பட்டுள்ளது.

கலைச்சொல் ஆக்குவோர் கருதத்தக்கது இது: பெயர் பிழைபடின், அதன் விலையை நோயாளி கொடுக்க நேர்கிறது.