மாஸ்டருக்குப் பெண் கொடுப்பதா?

'கம்பெரலிய' என்றதும் அது பழைய கறுப்பு வெள்ளை சிங்களப் படம், நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கதை நம் தெருவில் நடந்தது போலத்தான் இருக்கிறது.

கொக்கலயில் பிறந்த மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் வெளியிட்ட நாவல் அது. 'கிராமப் பிறழ்வு' என்று அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நம் ம.மு. உவைஸ் அவர்கள். (இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமா? இல்லை.) 1963இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கினார். ஸ்டூடியோவை விட்டு, பலப்பிட்டியில் ஒரு பழைய வளவு வீட்டில் எடுத்தார். 1965இல் டெல்லி திரைப்பட விழாவில் தங்க மயில் விருதும் கிடைத்தது.

பெரிய வீட்டு மகள் நந்தா. அவளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்க வருகிறார் பியல் மாஸ்டர். படிப்பு இருக்கிறது, பண்பு இருக்கிறது, குடும்ப அந்தஸ்துதான் போதாதாம். பெண் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். பரம்பரைப் பெயருள்ள ஜினதாசவுக்கு நந்தாவைக் கட்டிக்கொடுத்தார்கள். பெயர் இருந்தது, கையில் காசில்லை. பிழைப்புத் தேடிப் போனவன் திரும்பவில்லை, மௌத்தாகிவிட்டான் என்றே எல்லாரும் நம்பினார்கள். கொழும்பில் வியாபாரம் செய்து நிமிர்ந்த பியலுக்கு இப்போது அதே வீட்டுக் கதவு திறக்கிறது. பியலின் குலம் மாறவில்லை. வீட்டின் நிலைமைதான் மாறியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்து முகாந்திரம் பட்டமும் காணியும் வைத்துப் பிழைத்த குடும்பங்கள் சரிய, கடை, வியாபாரம் என்று போனவர்கள் மேலே வந்த காலம் அது.

ஒருமுறை வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், நந்தாட்ட யாராவது கேட்டாங்களா?" நாம் பதில் சொல்லத் தடுமாறினோம். முதல் கல்யாணத்தில் அந்தஸ்து பேசியது, இரண்டாவதில் வசதியும் சேர்ந்து பேசியது. புண்யா ஹீந்தெனிய நந்தாவாக அதிகம் வாய் திறப்பதில்லை, முகத்தாலேயே நடித்திருக்கிறார். பிறகு ஜினதாச உண்மையில் அண்மையில்தான் ஆஸ்பத்திரியில் இறந்தான் என்று தெரியவர, அவள் அழுவதைக்கூட பியலால் தாங்க முடியவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் பழைய காயம் ஆறவில்லை.

அக்கா அனுலாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தகுதிக்கேற்ற மாப்பிள்ளை, தகுதிக்கேற்ற மாப்பிள்ளை என்றே காலம் போய்விட்டது. சீதனத்துக்கு வீடு கட்டி முடியும்வரை காத்திருந்து வயதுபோன நம் ராத்தாமார்களை நினைத்துக்கொண்டே அவளைப் பார்த்தோம்.

லீவு நாளொன்றில் வீட்டுப் பெண்களோடு சேர்ந்து பாருங்கள். அனுலா வரும் இடங்களில் வாப்பாமார் எழுந்து போய்விட வேண்டாம்.