சொல்லாலோ சைகையாலோ: ஒரு கருவியும் ஒரு சட்டமும்

1958 ஜூன் மாத 'லான்செட்' இதழில் வெளியான ஒரு கட்டுரை மகப்பேறு மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. உலோகத்தில் விரிசல் தேடப் பயன்பட்ட மீயொலியைக் கொண்டு கருப்பைக்குள்ளிருந்த சிசுவைக் காண முடியும் என்று கிளாஸ்கோவின் இயன் டொனால்டு குழுவினர் அதில் காட்டினர். கருவின் வயது, இரட்டைக் கரு, நஞ்சுக்கொடி அமைந்த இடம், உறுப்புக் குறைபாடு ஆகியவற்றைக் கத்தியின்றி அறியும் வழி பிறந்தது.

இந்தியாவுக்கு அக்கருவி பரவலாக வருமுன்பே பாலினத் தேர்வுக்கான சந்தை உருவாகியிருந்தது. 1970களின் நடுப்பகுதியில் பனிக்குட நீர்ப் பரிசோதனை அறிமுகமானது. மரபணுக் குறைபாடுகளை அறிய வந்த அச்சோதனை பெண் கருவைக் கலைக்கும் வழியானது. அரசு மருத்துவமனைகள் தடுக்கப்பட்டன. தனியார் மருத்துவமனைகள் விளம்பரமே செய்தன. மகளிர் இயக்கங்களின் போராட்டத்தால் 1988இல் மகாராஷ்டிரமும் 1994இல் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றின. மத்தியச் சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால், இரண்டு சோதனைகளுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. பனிக்குட நீர்ப் பரிசோதனைக்கு ஊசியும் ஆய்வகமும் அறிக்கையும் வேண்டும். ஸ்கேனுக்கு ஒரு பார்வையும் ஒரு சொல்லும் போதும். அச்சொல் காற்றோடு போய்விடும், சாட்சியம் எஞ்சாது. எனவேதான் சிசுவின் பாலினத்தைச் சொற்களாலோ சைகைகளாலோ வேறெவ்விதத்திலோ தெரிவிக்கக் கூடாது என்று அச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவு விதித்தது. கருவியைத் தடைசெய்ய இயலாது. தாயின் உயிர் காக்க அது தேவை. ஆகவே, சட்டம் நாவுக்குக் காவல் வைத்தது.

நாவோ எளிதில் அடங்கவில்லை. இனிப்பின் பெயரும் மையின் நிறமும்கூடக் குறியீடுகளாயின. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001இல் 927 ஆகக் குறைந்தது. சட்டம் ஏட்டளவில் நிற்பதை எதிர்த்து 2000இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. 2003இல் சட்டம் திருத்தப்பட்டது. பதிவு பெறாத இடத்துக்குக் கருவியை விற்பதும் குற்றமாயிற்று.

அதன்பின் காவல் நாவிலிருந்து தாளுக்கு மாறியது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 'எஃப்' படிவம் நிரப்பப்பட வேண்டும். பாலினத்தைக் கண்டறியவுமில்லை, வெளிப்படுத்தவுமில்லை என்று மருத்துவர் உறுதிமொழி தருகிறார். அதை அறிய விரும்பவில்லை என்று கர்ப்பிணியும் கையொப்பமிடுகிறார். குடும்பத்தின் நெருக்குதலைத் தாங்குபவளே தனக்கு விருப்பமில்லை என்று எழுதித் தர வேண்டியிருக்கிறது.

எழுத்துப் பிழைக்காகக் குற்றவாளியாக்குவதா என்று மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு வழக்காடியது. பதிவேடு முழுமையாக இல்லையெனில் குற்றத்தைக் கண்டறியவே வழியிராது என்று கருதிய உச்ச நீதிமன்றம், 2019 மே மாதம் அவ்விதிகளை உறுதி செய்தது.

இக்காவலுக்கு ஒரு விலையும் உண்டு. 24 வாரங்களுக்குள் ஒரு ஸ்கேனாவது வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் மருத்துவரல்லாத பயிற்சி பெற்ற சோனோகிராஃபர்களே அதைச் செய்கின்றனர். இந்தியாவிலோ தகுதி பெற்ற மருத்துவரும் பதிவு பெற்ற இடமும் வேண்டும். அவை அருகில் இல்லாத சிற்றூர்ப் பெண்ணின் நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பது பிரசவ நேரத்து இரத்தப்போக்கில்தான் தெரியவரக்கூடும்.

2011 கணக்கெடுப்பில் அவ்விகிதம் 919 ஆக மேலும் சரிந்தது. பிறக்காமல் போன பெண்ணும் ஸ்கேன் கிட்டாத தாயும் ஒரே அநீதியின் இரு முனைகள். மகளைச் சுமையெனக் கருதும் வழக்கம் மாறும்வரை, ஒருத்தியைக் காக்க இட்ட வேலி மற்றொருத்தியின் வழியை மறித்துக்கொண்டேயிருக்கும்.