சட்டிக்குள் அடங்கிய கடல்



மன்னார்க் கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வோர் அரிப்பு என்னும் ஊரில் கடலை எதிர்நோக்கி நிற்கும் ஒரு பாழ்மாளிகையைக் காண்பர். ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர். உண்மையில் அது ஆங்கில ஆளுநர் பிரடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்தது. முத்துக்குளிப்பைக் கண்காணிக்க வரும் அதிகாரிகள் தங்குவதற்காக எழுந்த அம்மாளிகையின் சுவர்களைக் கடலரிப்பு உண்டுவிட்டது. முத்தும் இன்று இல்லை. முத்து ஏன் மறைந்தது என்று அறிய முயன்றோரின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். அவ்வரலாறு ஒரு சிறு பாத்திரத்து உப்புநீரில் தொடங்குகின்றது என்பது வியப்புக்குரியது.

மன்னார்க் குடாவின் அடியில் உள்ள கற்பாங்கான திட்டுகளை நம் முன்னோர் ‘பார்’ என்றனர். செவல் பார், மோதரகம் பார், பெரிய பார் என்பன அவற்றுட் சில. சிப்பி அங்கே கோடிக்கணக்கில் பெருகும். திடீரென்று ஒரு பருவத்தில் ஒன்றுமின்றி ஒழியும். 1837ஆம் ஆண்டு நடந்த குளிப்பின் பின்னர் 1855 வரை இலங்கைக் கரையில் முத்துக்குளிப்பு இல்லை. அரசாங்கத்தின் வருவாய் குன்றியது. சிப்பியின் இயல்பை அறிந்தாலன்றி இதற்கு வழியில்லை என்று கண்ட அரசாங்கம், அப்பணியை வைத்தியர் எட்வேட் பிரடெரிக் கெலார்ட் என்பாரிடம் ஒப்புவித்தது.

கெலார்ட் 1819இல் கொழும்பிலே பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர். இலங்கையின் விலங்குகளைப் பற்றி 1852இல் நூல் வெளியிட்டவர். 1857 முதல் அவர் திருகோணமலையில் இருந்து முத்துச்சிப்பியை ஆராய்ந்தார். பாரில் மூழ்கிப் பார்க்க அக்காலத்து அறிஞருக்கு வசதி இல்லை. ஆதலின் அவர் கடலைத் தம்மிடம் கொணர்ந்தார். உயிருள்ள சிப்பிகளைக் கடல்நீர்ப் பாத்திரங்களில் இட்டு நாள்தோறும் நோக்கினார்.

அவர் கண்டவை பல. சிப்பி, நார் போன்ற இழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டிருப்பது. ஒருமுறை பற்றிய இடத்தை அது விடாது என்று பலரும் கருதியிருந்தனர். அது தன் இழைகளை விடுத்து இடம்பெயர வல்லது என்றும், உப்புக் குறைந்த நீரிலும் வாழ வல்லது என்றும் கெலார்ட் எழுதினார். முத்து உண்டாவதற்கும் சிப்பியின் உடலில் வாழும் புழுக்களுக்கும் தொடர்புண்டு என்றும் அவர் 1859 அளவில் கருதினார். அடுத்த ஆண்டில், இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலில், நாற்பது வயதளவில் அவர் காலமானார்.

கடலுயிரைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கலை அப்பொழுது உலகிற்கே புதிது. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்கள் காண மீன் இல்லம் திறக்கப்பட்டது 1853இல். பிலிப் ஹென்றி கொஸ் என்பார் தொட்டி வளர்ப்பைப் பற்றிய நூலை வெளியிட்டது 1854இல். நீர்த்தாவரம் ஒட்சிசனைத் தரும், நத்தை அழுகலை உண்ணும், ஆதலால் மூன்றும் சேர்ந்து வாழும் என்பது அக்காலத்துக் கொள்கை. கொள்கை நன்று, ஆயினும் தொட்டிகள் பல நாறின, உயிர்கள் பல மடிந்தன. காரணம் எவருக்கும் புலப்படவில்லை.

அக்காரணத்தை யான் அறிந்ததும் ஒரு தவறு செய்த பின்னரே. சில ஆண்டுகளுக்கு முன், எம் பாடசாலை மாணாக்கர் அறுபது லீற்றர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியொன்றை அமைத்தனர். காலையில் கடல்நீர் வார்த்தனர். மாலையில் நான்கு சிறு மீன்களை விட்டனர். ஐந்தாம் நாள் நான்கும் மிதந்தன. தொட்டிக்குப் பொறுப்பாயிருந்த மாணவனை, நீரைத் தூய்மையாக வைக்கவில்லை என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான், பின்னர், “நீர் தெளிவாகத்தானே ஐயா இருந்தது?” என்று மெல்லக் கேட்டான். கலைப் பட்டதாரியாகிய எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தேன்.

விடையைத் தந்தது கடலன்று, கழிவுநீர். 1877இல் பிரான்சு நாட்டு அறிஞர்களாகிய சுலோசிங், முன்ட்ஸ் இருவரும், மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயினூடே கழிவுநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினர். ஏறத்தாழ இருபது நாள் எம்மாற்றமும் இல்லை. அதன்பின் நீரிலுள்ள அமோனியா நைத்திரேற்றாக மாறி வெளிவரத் தொடங்கியது. குளோரோபோம் ஆவியை உட்செலுத்தியதும் மாற்றம் நின்றது. சிறிது தோட்டமண்ணின் சாற்றை இட்டதும் மீண்டும் தொடங்கியது. ஆகவே அம்மாற்றத்தைச் செய்வது உயிருள்ள ஏதோ ஒன்று என்பது தெளிவாயிற்று. அந்நுண்ணங்கிகளை 1890 அளவில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் பிரித்தெடுத்துக் காட்டினார்.

இதுவே தொட்டியின் மறைபொருள். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா பிறக்கின்றது. அது நிறமற்றது, தெளிந்த நீரிலும் நஞ்சாக நிற்கும். ஒரு வகை நுண்ணங்கிகள் அதனை நைத்திரைற்றாக்கும். மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக்கும். கடலில் இந்நுண்ணங்கிகள் மணல்தோறும் கல்தோறும் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியிலோ அவை போதிய அளவில் இல்லை. பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். மாணவன் வைத்த நீர் தூய்மையாகத்தான் இருந்தது. குறை தூய்மையில் அன்று, பொறுமையில். அக்குறை என்னுடையது.

மறுமுறை தொட்டியை வேறு விதமாக அமைத்தோம். கழுவிய மணலும் கடையில் விற்கும் துளையுள்ள பீங்கான் துண்டுகளும் இட்டோம். பவளப்பாறையை உடைத்தெடுப்பது நம் நாட்டில் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதனை மாணாக்கருக்கு முதலிலேயே சொன்னேன். நீரைச் சுழற்றவும் காற்றூட்டவும் சிறு பம்பி வைத்தோம். மீன் விடவில்லை; ஓர் இறால் துண்டை மட்டும் அழுகவிட்டோம். சோதனைத் துளிகளால் வாரந்தோறும் நீரைப் பார்த்தோம். முதலில் அமோனியா ஏறியது. அது இறங்க நைத்திரைற்று ஏறியது. அதுவும் இறங்கி நைத்திரேற்று தோன்றியது. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றினோம். நீர்தான் ஆவியாகும், உப்பு நிற்கும். ஆறாம் வாரம், அமோனியாவும் நைத்திரைற்றும் அற்றுப்போன பின்னர், ஒரே ஒரு மீனை விட்டோம். அதனை விட்டவன் அந்த மாணவனே. அதற்கு முன் அவனிடம் அதே மாணாக்கர் முன்னிலையில் என் பிழையை ஒப்புக்கொண்டேன்.

மீண்டும் பாருக்கு வருவோம். 1891இன் பின் மறுபடியும் குளிப்பு நின்றது. 1902இல் இலிவர்ப்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் வந்து பார்களை ஆராய்ந்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோணல் காலியில் ஆய்வுகூடம் அமைத்துச் சிப்பிகளை நோக்கினார். சிப்பி தன் இழைகளை விடுத்துப் புதியன உண்டாக்க வல்லது என்று கெலார்ட் கண்டது மெய்யென்று அறியப்பட்டது. பெரிய பாரில் ஆண்டுதோறும் பிறக்கும் இளஞ்சிப்பி பருவக்காற்றின் கொந்தளிப்பில் அழிவதைக் கண்ட ஹேர்ட்மன், அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றுமாறு அறிவுரைத்தார்.

1903இல் குளிப்பு மீண்டது. 1905இல் மரிச்சுக்கட்டியிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அப்பேற்றைக் கண்டதும் ஆசை பெருகிற்று. 1906இல் பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கில நிறுவனத்திடம் விடப்பட்டன. 1907இன் பின் அந்நிறுவனத்துக்குக் குளிப்பே வாய்க்கவில்லை. 1912இல் அது கலைக்கப்பட்டது. 1925இல் ஒருமுறை நடந்த குளிப்பைத் தவிர அந்தப் பெருவாழ்வு திரும்பவில்லை. பாரின் அழிவுக்கு மனிதன் மட்டும் காரணன் அல்லன். நீரோட்டமும், புயலும், சிப்பியைத் தின்னும் மீன்களும் காரணம். ஆயினும் இருபது ஆண்டு விளைவை எழுதி வாங்கலாம் என்று எண்ணியது மனிதனின் பிழையே.

அக்கரையில் கதை வேறு திசையிற் சென்றது. தூத்துக்குடியில் இந்திய அறிஞர்கள் 1973இல் நம் குடாவின் சிப்பியிலேயே உருண்டை முத்தை வளர்த்தெடுத்தனர். 1981இல் தொட்டிகளிலேயே சிப்பிக் குஞ்சுகளைப் பிறப்பித்தனர். முத்தைப் படைப்பது பொதுவாகப் புழுவன்று, சிப்பியின் மேலுறைக் கலங்களே என்பதும் இன்று தெளிவு. கெலார்டின் அக்கருத்து நிலைக்கவில்லை. ஆயின் உயிரைப் பாத்திரத்தில் வைத்துப் பொறுமையோடு நோக்கிய அவர் வழி நிலைத்தது.

இன்னொரு செய்தி. 2005இல், கடலில் அமோனியாவை மாற்றும் நுண்ணங்கிகளுள் முன்பு அறியப்படாத ஓர் இனத்தை அறிஞர்கள் பிரித்தெடுத்தனர். அதனை எடுத்தது ஆழ்கடலிலிருந்து அன்று. அமெரிக்காவின் சியாற்றில் நகரக் காட்சித் தொட்டியின் சரளையிலிருந்து.

நேயர்களே, உங்கள் பிள்ளைகள் கடல்நீர்த் தொட்டி வேண்டுமென்று கேட்டால் மறுக்க வேண்டாம். மீன் வாங்குமுன் ஆறு வாரம் வெறும் நீரைப் பார்த்திருக்க இசைவார்களா என்று மட்டும் கேளுங்கள். அவ்வாறு காத்திருந்து கற்ற பிள்ளை, பின்னொரு நாள் பாரைப் பற்றியும் கரையைப் பற்றியும் முடிவு செய்யும் இடத்தில் அமர்ந்தால், குத்தகைப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் சற்றே தயங்கும்.