கெல்சு நூலின் ஓர் ஏடும் அதன் நீல வண்ணமும்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், திரினிட்டிக் கல்லூரி நூலகத்தின்கண், கெல்சு நூல் எனும் இலத்தீன் நற்செய்திச் சுவடி போற்றப்பட்டு வருகின்றது. இதன்கண் எஞ்சியுள்ளவை 340 கன்றுத்தோல் ஏடுகள். இதன் காலம் கி.பி. 800-ஐ ஒட்டியது என்பர். இச்சுவடியின் 34-ஆம் ஏட்டின் முன்பக்கத்தையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மத்தேயு நற்செய்தி கிறித்துவின் பிறப்பைக் கூறத் தொடங்கும் இடம் இது. பக்கம் முழுமைக்கும் மூன்று சொற்களே உள. கிறித்துவின் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள் பேருருக் கொண்டு பக்கத்தை நிறைக்கின்றன. முதலெழுத்தின் நெடுங்கோட்டை ஒட்டி வானவர் மூவர் காணப்படுகின்றனர். அடிப்புறத்தே பூனைகளும் எலிகளும், மீனைக் கவ்விய நீர்நாயும் உள. விண்ணவரும் சிற்றுயிர்களும் ஒருங்கே இடம்பெற்றமை கருதத்தக்கது.

பொற்றகடு பதித்து ஒளியூட்டுதல் இடைக்கால ஐரோப்பியச் சுவடிகளிற் பெருவழக்கு. இங்கோ பொன் இல்லை. அரிதாரமே பொன்னொளி தருகின்றது. பொன் இருந்தது புறத்தேதான். கி.பி. 1007-இல் கெல்சுக் கோயிலினின்று பெரிய நற்செய்தி நூலொன்று களவு போயிற்று என்றும், இரண்டு திங்களும் இருபது நாளும் கழிந்தபின் பொன் நீக்கப்பட்டு மண்ணின்கீழ்க் கிடைத்தது என்றும் அல்சுட்டர் ஆண்டுக்குறிப்பு கூறும். அந்நூல் இதுவே என்பது பெரும்பான்மையோர் கருத்து.

இனி நீலத்தைக் காண்போம். இஃது ஆப்கானித்தான மலைகளில் அகழ்ந்தெடுத்த நீலக்கல்லின் பொடி எனக் கருதிய முன்னை அறிஞர், அதனைக்கொண்டு தொலைநாட்டு வாணிகத்தையும் நிறுவ முயன்றனர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவை அடிப்படையாகக் கொண்டு இந்நூற்றாண்டில் அக்கல்லூரியில் நிகழ்ந்த ஆய்வு அக்கொள்கையை மறுத்தது. நீலக்கல் அங்குக் காணப்படவில்லை. காணப்பட்டது செடியினின்று எடுத்த நீலமே.

அச்சாயப்பொருள் நம் நாட்டு அவுரியிலும் உண்டு. எனவே, தென்னாட்டு நீலம் அயர்லாந்து சென்றது எனக் கூற நம்மனோர் விழையக்கூடும். அது பொருந்தாது. அதே சாயத்தைத் தரும் வோடு எனும் செடி ஐரோப்பாவிலேயே பயிராயிற்று. அண்மையிற் கிடைப்பதே போதிய விளக்கமாகுமிடத்துச் சேய்மையை நாடுதல் ஆய்வுநெறியன்று. நீலக்கல்லைக்கொண்டு எழுப்பிய கொள்கை வீழ்ந்த இடத்தில் அவுரியைக்கொண்டு மற்றொன்றை எழுப்புவோமாயின், பிழை மாறாது, பெயரே மாறும். நம் நாட்டுப் பழம்பொருள்களின் வண்ணங்களையும் வாணிகத்தையும் ஆராய்வார்க்கும் இந்நெறி வேண்டற்பாலதே என்பது நம் துணிபு.