மூச்செண்ணிக்கையும் நோய்ச்சொற்களும்: நிமோனியாவை இனங்காணும் முறையின் வரலாறு – இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நுரையீரலின் காற்றுப்பைகள் கிருமித்தொற்றால் அழற்சியுற்று, அவற்றில் நீரும் சீழும் தேங்கும் நிலை நிமோனியா எனப்படும். இந்நோயை இனங்காணும் முறை மருத்துவரின் செவியிலிருந்து தாயின் கண்ணுக்கு இடம்பெயர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வரலாற்றில் 1988இல் வெளிவந்த வேலூர் ஆய்வு பெறும் இடத்தையும், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் அம்முறை பயன்தர வட்டார நோய்ச்சொற்களைத் தொகுக்கவேண்டிய தேவையையும் எடுத்துரைக்கிறது.

முன்னுரை

நோயாளி தாமே உணர்ந்து சொல்வன ஒருவகை. பிறர் கண்டும் கேட்டும் தொட்டும் அறிவன மற்றொரு வகை. தமிழில் இவ்விரண்டையும் ‘அறிகுறி’ என்ற ஒரே சொல்லால் சுட்டுகிறோம். வளர்ந்தவர் காய்ச்சல், குளிர்நடுக்கம், சளியுடன் கூடிய இருமல், மூச்சை உள்ளிழுக்கும்போது விலாப்புறத்தில் எழும் குத்தல் ஆகியவற்றை எடுத்துச் சொல்வார். கைக்குழந்தையால் எதையும் சொல்ல இயலாது. அதன் நோய் முழுவதும் பிறர் கண்ணுக்குப் புலனாகும் குறிகளாலேயே அறியப்படவேண்டும். ஆகவே அக்குறிகளைக் காண வல்லவர் யார் என்பது மருத்துவ வரலாற்றின் முதன்மையான வினாக்களுள் ஒன்றாகிறது.

தமிழ் மருத்துவ மரபில் மூச்சு

சித்த மருத்துவம் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வுகளால் நோயைக் கணிக்கிறது. இவற்றுள் மூச்சு தனித்தலைப்பாக இடம்பெறவில்லை. ஆனால் மூச்சை எண்ணும் வழக்கம் தமிழ் மரபுக்குப் புதிதன்று. மனிதன் ஒரு நாளைக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்பது சித்தர் மரபில் நிலைபெற்ற கணக்கு. ஒரு நாளின் 1,440 நிமிடங்களால் இதனை வகுத்தால் நிமிடத்திற்கு 15 மூச்சு என வரும். ஓய்வில் இருக்கும் வளர்ந்தவரின் மூச்செண்ணிக்கையாக இக்கால மருத்துவம் கொள்ளும் 12 முதல் 20 வரையிலான அளவுக்குள் இது அடங்குகிறது. எனினும் இக்கணக்கு யோகத்திற்கும் ஆயுட்கணிப்புக்கும் உரியதாகவே விளங்கிற்று; நோயறியும் எண்வகைத் தேர்வுகளோடு சேர்க்கப்படவில்லை.

செவிவழி அறிதல்

ஐரோப்பிய மருத்துவத்தில் நிமோனியாவை இனங்காணும் முறை செவியைச் சார்ந்து வளர்ந்தது. வியன்னாவில் பணியாற்றிய அவுன்புருகர், மார்பை விரலால் தட்டி அதன் ஒலியைக் கொண்டு உள்நிலையை அறியும் முறையை 1761இல் வெளியிட்டார். பாரிசில் லேனெக் 1816இல் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கி, 1819இல் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். நிமோனியாவின் தொடக்கத்தில் நுரையீரலில் கேட்கும் நுண்ணொலியை, சூடான சட்டியில் இட்ட உப்பு பொரியும் ஒலியோடு அவர் ஒப்பிட்டார். 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பின்னர் நிழற்படமும் துணைக்கு வந்தது. இவை அனைத்தும் பயிற்சி பெற்ற மருத்துவரையோ கருவியையோ வேண்டி நின்றன. மருத்துவர் எட்டாத சிற்றூர்களில் நோய் பெயரின்றியே உயிர்களைக் கொண்டுசென்றது.

1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியும் இதற்கு விலக்கன்று. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் கிராம அலுவலர்களே இறப்பைப் பதிந்தனர். ‘காய்ச்சல்’ என்ற பொதுத்தலைப்பின்கீழ்ப் பலவகை நோய்களால் நேர்ந்த இறப்புகள் ஒன்றாக அடங்கின. அப்பதிவுகளைக் கொண்டு நிமோனியாவால் இறந்த குழந்தைகளைப் பிரித்தறிய முற்படும் ஆய்வாளர் இவ்வரையறையை மனங்கொள்ளவேண்டும்.

கண்வழி அறிதலும் வேலூர் ஆய்வும்

1980களில் பாப்புவா நியூ கினியில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் பிராங்க் ஷான், இருமலுள்ள குழந்தையின் மூச்சு நிமிடத்திற்கு 50ஐத் தாண்டுவதை நிமோனியாவின் குறியாகக் கொள்ளலாம் என எடுத்துரைத்தார். எக்ஸ் கதிரோ மருத்துவரோ இல்லாத இடத்திலும் சிகிச்சையைத் தொடங்க இது வழிவகுத்தது. ஆயினும் எல்லா வயதினருக்கும் ஒரே எண் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது. குழந்தை வளர வளர இயல்பான மூச்செண்ணிக்கை குறைந்துவருவதே இதற்குக் காரணம்.

இவ்வையத்திற்கு விடைகாண உதவிய ஆய்வுகளுள் ஒன்று தமிழகத்தில் நிகழ்ந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் முதலியோர் மேற்கொண்ட ஆய்வு 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 50ஐயும், அதற்கு மேல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 40ஐயும் தாண்டும் மூச்செண்ணிக்கை, கீழ்ச்சுவாசத் தொற்றை நன்கு காட்டும் என அது நிறுவியது. குழந்தை வேகமாக மூச்சு விடுகிறது என்று வீட்டார் கூறுவதும் நம்பத்தக்க குறியே என்பதும் அவ்வாய்வின் முடிவுகளுள் ஒன்று. மருத்துவமனையில் சேர்க்கத் தேவையற்ற தொடக்கநிலை நோயை மூச்சின் வேகம் காட்டிக்கொடுத்தது. மார்பு உள்வாங்குதல் அந்நிலையில் அவ்வாறு காட்டவில்லை. தாயின் கூற்று ஆய்வுச் சான்றாக ஏற்கப்பட்ட வகையில் இது வரலாற்றுச் சிறப்புடையது.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு முதல் பதினொரு மாதம் வரை 50, ஓராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 40 என்ற எண்களையும் அவற்றுக்கு மேற்பட்டவற்றையும் வேகமான மூச்சாக வரையறுக்கிறது. குழந்தை அமைதியாக இருக்கும் வேளையில், மேலாடையை விலக்கி, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணவேண்டும். கைக்குழந்தையின் மூச்சு சீரற்றது. ஆதலால் அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது பிழைக்கு இடந்தரும். மூச்சை உள்ளிழுக்கும்போது விரியவேண்டிய கீழ்மார்பு உள்ளே குழிவது நோய் முற்றியதைக் காட்டும். பால் குடிக்கவோ நீர் அருந்தவோ இயலாமை, உண்டதெல்லாம் வாந்தியாதல், வலிப்பு, எழுப்பினும் விழிக்காத மயக்கம், உதடு நீலம்பாய்தல் ஆகியவை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டிய அபாயக் குறிகள்.

எண்ணத் தெரியாதவரும் இம்முறையைக் கையாள இயலும் என்பதை மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் காட்டினர். மணிகளைக் கொண்டு மூச்சை எண்ணும் எளிய கருவியொன்றை அவர்கள் வடிவமைத்தனர். ஊர்ப் பணியாளர்களைக் கொண்டு நோயறிந்து மருந்தளித்ததால் குழந்தை இறப்பு குறைந்ததை அவர்களது 1990ஆம் ஆண்டுக் கட்டுரை பதிவுசெய்தது.

வட்டாரச் சொற்களும் நோயறிதலும்

கண்ட குறியைத் தாய் சொல்லால் தெரிவிக்கிறாள். அச்சொல்லைச் செவிலியர் பிறழ உணர்ந்தால் கண்டதும் வீணாகும். ‘இழுப்பு’ என்ற சொல் தமிழில் ஆஸ்துமாவையும் குறிக்கும், வலிப்பையும் குறிக்கும். விலாவின்கீழ் மார்பு உள்வாங்குவதையும் ‘இழுக்கிறது’ என்றே கூறமுடியும். குழந்தை பாலை மறுத்துச் சோர்வதை ‘மாந்தம்’ எனக் கொண்டால், செரிமானக் கோளாறாகக் கருதி வசம்பு போன்ற வீட்டு மருந்தோடு நின்றுவிட நேரும். நிமோனியாவில் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு இடராகலாம்.

தெலுங்கு பேசும் குடும்பங்கள் மிகுதியாக வாழும் இராஜபாளையத்தில் இச்சிக்கல் இருமடங்காகிறது. ‘ஆயாசம்’ என்பது தமிழில் களைப்பைக் குறிக்கும்; தெலுங்கில் மூச்சிரைப்பையும் குறிக்கும். தெலுங்குத் தாய் மூச்சிரைப்பைக் கருதிச் சொல்லும் சொல், தமிழ் கேட்பவரின் செவியில் வெறும் சோர்வாக ஒலிக்கக்கூடும்.

நூற்பாலைகளும், அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெசவும் நிறைந்த இவ்வட்டாரத்தில் பெரியவர்களிடமும் வேறுபடுத்தி அறியவேண்டிய நிலை உண்டு. பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் நோய், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றது. வார விடுமுறைக்குப்பின் வேலைக்குத் திரும்பும் முதல்நாளில் நெஞ்சு இறுகுவது அதன் தனிக்குறி. காய்ச்சலும் விலாக்குத்தலும் புதிதாகச் சேர்ந்தால் அதனைத் தூசியின் விளைவென ஒதுக்கலாகாது. வளர்ந்தவரின் மூச்சு நிமிடத்திற்கு 30ஐ எட்டுவது கடுமையின் அடையாளம். முதியவருக்குக் காய்ச்சல் இல்லாமலே திடீர் மனக்குழப்பம் முதற்குறியாகத் தோன்றலாம்.

முடிவுரை

ஹிப் கிருமிக்கு எதிரான கூறு அடங்கிய ஐந்தடக்கு ஊசி 2011 டிசம்பரிலும், நிமோகாக்கல் தடுப்பூசி 2021 ஜூலையிலும் தமிழகத்தின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தன. எனினும் நிமோனியாவை உண்டாக்கும் எல்லாக் கிருமிகளையும் இவை தடுப்பதில்லை. வேகமான மூச்சு ஆஸ்துமாவிலும் தோன்றும். எனவே குறியறிதலின் தேவை குன்றவில்லை.

மூச்சை எண்ணுவதற்கு ஒரு கடிகாரம் போதும். எண்ணியதைப் பிறழாமல் தெரிவிக்கப் பொதுவான சொல் வேண்டும். முன்னதற்கு வேலூர் ஆய்வு அடித்தளமிட்டது. பின்னது மருத்துவத்துறையால் மட்டும் நிறைவேறாது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் தாய்மாரும் பாட்டிமாரும் வழங்கும் மூச்சு, சளி, இழுப்பு சார்ந்த சொற்களைத் தமிழிலும் தெலுங்கிலும் தொகுத்து, ஒவ்வொன்றும் சுட்டும் உடற்குறியோடு ஒப்பிட்டு வரையறுப்பது மொழியியலாளரும் நாட்டார் வழக்காற்றியலாளரும் மேற்கொள்ளத்தக்க பணி. அத்தகைய சொல்லடைவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையைப் பரிசோதிக்கும் செவிலியருக்கு நேரடியாகப் பயன்படும்.