ஸ்கோர்கார்டும் இசைத்தட்டும்

பேஸ்பால் பைத்தியமும் ஜாஸ் இசைத்தட்டுப் பைத்தியமும் ஒரே ஆளைப் பிடித்திருந்தால் அமெரிக்காவில் யாரும் அதிசயப்பட மாட்டார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் 1931இல் தன் சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸில் ஒரு பேஸ்பால் அணிக்குச் சீருடை வாங்கித் தந்து தன் பெயரையும் தந்தார். ஜாக்கி ராபின்சன் பந்தை அடிக்கும் அழகைப் பற்றிய பாட்டை 1949இல் கவுன்ட் பேசியின் குழு தட்டில் பதிந்தது. ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் 1994இல் பேஸ்பாலைப் பற்றியும் 2001இல் ஜாஸைப் பற்றியும் நெடுந்தொடர்கள் எடுத்தார். ஒன்றைப் பார்த்தவர்களே பெரும்பாலும் மற்றதையும் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

சென்னையில் இந்த இரட்டைப் பித்துக்குக் கிரிக்கெட், கர்நாடக சங்கீதம் என்று பெயர். டிசம்பர் நடுவில் சபாக்களில் தொடங்கி, புத்தாண்டோடு அகாடமிக் கச்சேரிகள் முடிந்து, இரண்டு வாரம் இளைப்பாறினால் பொங்கலுக்குச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச். ஒரு காலத்தில் நாட்காட்டியே இவர்களைக் கேட்டுத்தான் அச்சடிக்கப்பட்டது போலிருக்கும். இரண்டு பக்கத்திலும் கால் வைத்தவர்களுக்கு நல்ல உதாரணம் வி. ராம்நாராயண். 1970களில் ஹைதராபாத் அணிக்காக ரஞ்சியில் ஆஃப் ஸ்பின் வீசியவர், பின்னாளில் ‘ஸ்ருதி’ இசை இதழின் ஆசிரியர் ஆனார். தமிழ்நாட்டு கிரிக்கெட்டின் வரலாற்றையும் அவரே புத்தகமாக எழுதியிருக்கிறார்.

விஸ்தாரமான ஆலாபனையையும் தொடக்க ஆட்டக்காரரின் பொறுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியவர்கள் ஏராளம். இருபது ஓவரும் மூன்று நிமிடத் தட்டும், ஐந்து நாள் டெஸ்டும் மூன்று மணி நேரக் கச்சேரியும் என்று ஜோடி சேர்ப்பதும் பழகிப்போன விஷயம். எனக்கு அதில் ருசியில்லை. ஆட்டம் முடிந்து, கச்சேரி முடிந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் இந்த இரண்டும் எனக்கு வேறுபடுகின்றன. ஒன்றில் எண் மிஞ்சுகிறது, இன்னொன்றில் ஒலி.

இந்தக் கேள்வி அம்பத்தூரில் இருப்பவனுக்கு இயல்பாகவே வரும். மயிலாப்பூர்க்காரருக்குச் சபாவும் சேப்பாக்கமும் நடைதூரம், மிஞ்சினால் ஆட்டோ தூரம். எங்களுக்கு இரண்டுமே சென்ட்ரலுக்கு அப்பால். டிஐ சைக்கிள் கம்பெனி 1949இல் வந்ததிலிருந்து, டன்லப்பும் 1960களில் எஸ்டேட்டும் சேர்ந்துகொள்ள, இது ஷிஃப்ட் நேரத்துக்கு வாழ்கிற ஊராகிவிட்டது. டெஸ்ட் மேட்ச் நடக்கும் ஐந்து நாளில் நான்கு நாள் மெஷினுக்குப் பக்கத்தில் கழியும். இரவு மெயின் உருப்படி முடியும்போது ரயிலைப் பற்றிய கவலை வந்துவிடும். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து போகிறவர்களை விமர்சகர்கள் திட்டுவது வழக்கம். அவர்களில் சிலர் கேன்டீனுக்குப் போகவில்லை, ஆவடி லோக்கலைப் பிடிக்கப் போனார்கள் என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன். ஆகவே மேற்குப் புறநகர் ரசிகனுக்கு ஆட்டமும் பாட்டும் டிரான்சிஸ்டர் வழியாகவே வந்தன. பகலில் வர்ணனை, சனிக்கிழமை இரவில் வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி. தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்த எங்களுக்கு, 2020இல் மறைந்த அப்துல் ஜப்பாரின் குரல் எந்த வித்வானின் குரலுக்கும் குறையாத பரிச்சயம்.

எண்ணிலிருந்து தொடங்கலாம். பேஸ்பாலுக்கு ஸ்கோர் எழுதும் முறையை வகுத்துத் தந்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தின் எக்ஸிடரில் 1824இல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர்கார்டு பழகிய அந்தக் கை, பேஸ்பாலுக்கும் ஒரு கட்டம் போட்டது. யார் எத்தனை அடித்தார், யார் பிடித்தார், யார் தவறவிட்டார் எல்லாம் அதில் அடங்கும். இந்தக் கட்டத்தின் பெருமை அதன் பாரபட்சமின்மைதான். சதம் அடித்தவருக்கு ஒரு வரி என்றால் பூஜ்யத்தில் போனவருக்கும் ஒரு வரி. புகழ்பெற்றவரை மட்டும் எழுதுவேன் என்று ஸ்கோரர் சொல்ல முடியாது.

ஆனால் அதற்குக் கண் கிடையாது. 1975 ஜனவரி 11, சேப்பாக்கம். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுக்கிறார். இந்தியா 190க்குச் சுருள்கிறது. அதில் குண்டப்பா விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97. கடைசி ஆளாக வந்த சந்திரசேகர் போனதும், சதத்துக்கு மூன்று ரன் தூரத்தில் நின்றுவிட்டார். அந்த டெஸ்டை இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் வென்றது. விஸ்வநாத் தன் 91 டெஸ்டுகளில் 14 சதம் அடித்திருக்கிறார். அவருடைய ஆட்டங்களிலேயே பெரியது என்று சேப்பாக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சத்தியம் செய்யும் இந்த இன்னிங்ஸுக்கு அந்த 14இல் இடமில்லை. சதங்களின் பட்டியல் 97ஐ அறியாது.

படமாவது இருக்குமா என்றால், சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதே அந்த ஆண்டு ஆகஸ்ட் 15இல். ஏழு மாதம் முந்திவிட்டார் மனிதர். அன்று மைதானத்தில் இருந்த சில பத்தாயிரம் பேருக்குத்தான் அந்த ஸ்கொயர் கட். அம்பத்தூருக்கு வானொலி, மறுநாள் பேப்பர், அவ்வளவே.

ஒலியின் குணம் நேர் எதிர். இசைத்தட்டு எதையும் எண்ணாது, ஆனால் எப்படி என்பதை அப்படியே வைத்துக்கொள்ளும். செங்கோட்டை கிட்டப்பா 1933 டிசம்பரில் 27 வயதில் இறந்துபோனார். அவருடைய நாடகங்களைப் பார்த்தவர்கள் யாரும் இன்றில்லை. தட்டுகள் இருக்கின்றன. பக்கத்துக்கு மூன்று நிமிடம், சொச்சம் இரைச்சல். அந்த மூன்று நிமிடத்தில் மேல் ஸ்தாயியில் ஒரு பிருகா விழும் வேகத்தைக் கேட்டவனுக்கு அவர் என்ன செய்தார் என்று எந்த விமர்சகரும் விளக்க வேண்டியதில்லை. விஸ்வநாத்துக்குக் கிடைக்காதது இதுதான்.

சரி, ஒலியே மேல் என்று முடித்துவிடலாமா? கிட்டப்பா போய்ச் சில மாதத்திலேயே, 1934இல், காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை இறந்தார். லயத்தில் அவருக்கு நிகரில்லை என்று அந்தத் தலைமுறையே சொன்னது. மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ‘ஃபுல் பெஞ்ச்’ பக்கவாத்தியம் வைத்துக்கொண்டு பல்லவி பாடுவார். கஞ்சிராவுக்குப் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை இருப்பார். இத்தனை பெரிய வித்வானின் குரல் ஒரு தட்டில்கூட இல்லை. அவர் கச்சேரிகளைக் கேட்டு ஊக்கம் பெற்ற டி.கே. பட்டம்மாளின் பல்லவிகளில் அவருடைய நிழலைத் தேட வேண்டியதுதான். ஸ்கோர்கார்டு எல்லோருக்கும் வரி ஒதுக்குகிறது. இசைத்தட்டோ ஒலிப்பதிவுக் குழலின் முன் போய் நின்றவர்களை மட்டுமே தெரிந்துவைத்திருக்கிறது.

அமெரிக்கர்களுக்கும் இதே இரட்டை இழப்பு உண்டு. ஆனால் அதில் ஒன்றைச் சரிசெய்துகொண்டார்கள். ஜாஸ் பிறக்கும்போது கூடவே இருந்த கார்னெட் கலைஞர் பட்டி போல்டன் 1907இல் மனநல மருத்துவமனைக்குப் போனார், 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்ததாக ஒரு நொடி ஒலிகூடக் கிடைக்கவில்லை. பேஸ்பாலில் ஜோஷ் கிப்சன். கறுப்பர் என்பதால் பெரிய லீகுகளில் அவரை ஆடவிடவில்லை. கறுப்பர்களுக்கென்று இருந்த தனி லீகுகளிலேயே ஆடி, 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்துக் களமிறங்கினார். அந்தத் தனி லீகுகளின் ஆட்டங்களைக் கறுப்பர்களின் பத்திரிகைகள் கட்டம் போட்டு அச்சிட்டிருந்தன. ஆய்வாளர்கள் பல ஆண்டு உட்கார்ந்து அவற்றைத் தோண்டிச் சேர்த்தார்கள். 2024 மே மாதம் அந்தக் கணக்குகள் அதிகாரபூர்வ ஏட்டில் ஏறின. பேட்டிங் சராசரியில் டை காப் நெடுங்காலம் வைத்திருந்த .367ஐ இறக்கிவிட்டு, கிப்சனின் .372 முதலிடத்துக்கு வந்தது. இறந்து 77 ஆண்டு கழித்து ஒருவருக்கு நியாயம் செய்ய எண்ணால் முடிந்தது. போல்டனுக்கு அப்படி ஒரு மே மாதம் வரவே வராது.

நம் ஊர் ரசிகர்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ஜாஸ் பிரியர்கள், பேஸ்பால்காரர்களுக்கு நிகரான கணக்குப் புத்தியை இசைத்தட்டிலும் காட்டினார்கள். 1936இலேயே பாரிஸில் சார்ல் தெலோனே ஒரு விவரப் பட்டியல் வெளியிட்டார். எந்தத் தட்டு எந்தத் தேதியில் எங்கே பதிவானது, யார் எந்த வாத்தியம் என்பதெல்லாம் அதில் இருந்தது. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாளில் பதிவானது என்பது சாதாரண ரசிகனுக்கும் தெரியும். மார்ச் மாதப் பதிவில் நாடா இயந்திரம் மெதுவாக ஓடியதால் தட்டின் முதல் பக்கம் முழுக்கச் சுருதி சற்று ஏறி ஒலித்தது. அதையும் கண்டுபிடித்து 1992இல் திருத்தி வெளியிட்டார்கள்.

நம்மிடம் ஸ்பூலிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து சிடி, சிடியிலிருந்து செல்போன் என்று கைமாறி வந்த கச்சேரிகள் மலைபோல் இருக்கின்றன. உறையில் ‘மதுரை மணி, கச்சேரி 3’ என்று இருக்கும். எந்த ஊர், எந்த வருடம், வயலின் யார், மிருதங்கம் யார்? மௌனம். வேகம் மாறிப் பதிந்ததில் ஒன்றரைக் கட்டைக்காரர் இரண்டு கட்டைக்கு ஏறி, பாவம், சின்னப் பையன்போலப் பாடிக்கொண்டிருப்பார். நாடாவை மிச்சம் பிடிக்கத் தனி ஆவர்த்தனம் வெட்டப்பட்டிருக்கும். இதில் ஜாஸ்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. டீன் பெனடெட்டி என்பவர் 1947, 48இல் சார்லி பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் இயந்திரத்தை ஓடவிட்டு, மற்றவர்கள் முறை வந்ததும் நிறுத்திவிடுவார். ஆனாலும் எந்த இரவு, எந்த விடுதி என்பதைப் பின்னால் வந்தவர்கள் ஒழுங்குபடுத்திவிட்டார்கள். அந்தப் பதிவுகள் 1990இல் பெட்டியாக வெளிவந்தன.

இத்தனைக்கும் நமக்கு எண் தெரியாமல் இல்லை. 1986 டெஸ்ட் டை ஆனபோது மனிந்தர் சிங் எத்தனையாவது பந்தில் எல்பிடபிள்யூ ஆனார் என்று கேளுங்கள், கடைசி ஓவரையே பந்து பந்தாகச் சொல்வார்கள். டீன் ஜோன்ஸ் 210, ஆஸ்திரேலியா 574, இந்தியா இரண்டாம் இன்னிங்ஸில் 347, எல்லாம் மனப்பாடம். அதே மனிதரிடம் தான் பொக்கிஷமாக வைத்திருக்கும் ஒலிநாடாவின் வருடத்தைக் கேட்டால், ‘ஐம்பதுகளில் இருக்கும் சார்’ என்பார்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எந்தச் சபாவிலும் நாலாவது வரிசையில் ஒருவர் சின்ன நோட்டோடு உட்கார்ந்திருப்பார். தேதி, சபா, பக்கவாத்தியக்காரர்கள், வர்ணம் முதல் மங்களம் வரை ராகம், தாளம், பிடித்ததற்கு ஒரு நட்சத்திரம். சாட்விக்கின் வாரிசு அவர்தான். அவர் நோட்டு ஒரு வீட்டில், ஒலிநாடா இன்னொரு வீட்டில். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இந்தப் பாட்டு வரிசை இந்த நாடாவுக்குப் பொருந்துகிறதே, அப்படியானால் இது இன்ன வருடத்துக் கச்சேரி என்று கண்டுபிடிக்கும் வேலை பேராசிரியர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஒரு ஃபோர்மேன் மதிய நேரத்தில் செய்துவிடக்கூடியது. எஸ்டேட்டில் முப்பது வருடம் உற்பத்திக் கணக்கு எழுதிய கைகள் அம்பத்தூரில் தெருவுக்கு நான்கு உண்டு. நோட்டு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அடுத்த போகிக்குள் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

இரண்டில் ஒரு இழப்பை மட்டும் ஈடுசெய்யலாம் என்று யாராவது வரம் தந்தால் எதைக் கேட்பேன் என்று யோசித்திருக்கிறேன். விஸ்வநாத்தின் 97ஐப் படமாகக் கேட்க மாட்டேன். எதிரே 190, அந்தப் பக்கம் 64க்கு 7, நடுவில் ஆட்டமிழக்காமல் 97. இந்த மூன்று எண்ணை அடுத்தடுத்து வைத்தால் பாதி ஆட்டம் தானே எழுந்து நின்றுவிடுகிறது. மீதியை வர்ணனை கேட்ட தலைமுறை பார்த்துக்கொள்ளும். நயினாப் பிள்ளையின் பல்லவிக்கு அந்த வசதி இல்லை. தாளத்தின் பெயரும் ராகத்தின் பெயரும் பக்கவாத்தியக்காரர்களின் பட்டியலும் எத்தனை துல்லியமாக எழுதிவைத்தாலும், அவர் எடுப்பில் வந்து சேர்ந்த அந்த இடம் அதிலிருந்து கேட்காது. மூன்று நிமிடம் போதும், அவரைக் குழலுக்கு முன் உட்காரவைத்துவிடுங்கள் என்பேன். தேதியை நானே எழுதிக்கொள்கிறேன்.